ஆஸ்டராய்ட்ஸ்: பட்டன் முதல் போர்டு வரை

1979 நவம்பரில் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட ஆஸ்டராய்ட்ஸ் வீடியோ ஆட்டத்தை முதல்முறை பார்ப்பவருக்கு அது ரொம்பச் சாதாரண ஆட்டமாகத் தெரியும். கறுப்புத் திரை, வெள்ளைக் கோடுகள், நடுவில் சின்னதாக ஒரு கப்பல், சுற்றிலும் மிதக்கும் பாறைகள், ஐந்து பட்டன்கள். அவ்வளவுதான். ஆனால் அட்டாரியின் ஆர்கேட் ஆட்டங்களில் (பெட்டியில் காசு போட்டு ஆடுபவை) மிக அதிகமாக விற்றது இதுதான். சுமார் 70,000 பெட்டிகள் போயின.

இந்த ஆட்டத்தின் விதிகளில் பாதி, யாரோ உட்கார்ந்து யோசித்து வகுத்தவை அல்ல. பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையான போர்டில் எவ்வளவு நினைவகம் இருந்தது, எண்ணை எப்படிச் சேமித்தார்கள், கோட்டை எப்படி வரைந்தார்கள் என்பதிலிருந்து வந்தவை. அதனால் ஆடக் கற்பதையும் உள்ளே திறந்து பார்ப்பதையும் இந்த வழிகாட்டியில் பிரிக்கவில்லை. பழைய பெட்டியைப் பழுதுபார்க்க மட்டும் வந்தவர்கள் நேரே பின்பாதிக்குப் போகலாம், ஆனால் முன்பாதியையும் ஒருமுறை புரட்டிவிட்டுப் போவது நல்லது.

1. முதலில் திரையைக் கவனியுங்கள்

அந்தக் காலத்து டிவியும் பெரும்பாலான ஆர்கேட் பெட்டிகளும் ராஸ்டர் வகை. எலெக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழாக, வரி வரியாகத் திரை முழுவதையும் தடவிக்கொண்டே போகும். படம் இருக்கிறதோ இல்லையோ, கற்றை எல்லா இடத்துக்கும் போயாக வேண்டும்.

ஆஸ்டராய்ட்ஸில் இருப்பது வெக்டர் மானிட்டர். அதில் அந்த வேலை கிடையாது. கோடு எங்கே வேண்டுமோ அங்கே கற்றை நேராகப் போகும், கோட்டை இழுக்கும், அணையும், அடுத்த கோடு தொடங்கும் இடத்துக்குத் தாவும். கறுப்பாக இருக்க வேண்டிய இடத்துக்கு அது போவதே இல்லை. அதனால்தான் அந்தக் கறுப்பு அவ்வளவு அழுத்தமாக இருக்கிறது, சாய்ந்த கோடுகளில் படிக்கட்டு மாதிரி வெட்டு விழுவதில்லை. கிட்டத்தட்ட 1024க்கு 768 புள்ளிகளில் எங்கு வேண்டுமானாலும் கற்றையை நிறுத்தலாம். அதே துல்லியத்தில் ராஸ்டர் படம் வேண்டுமென்றால், அன்றைய விலையில் அதற்கான நினைவகத்தை யாரும் ஓர் ஆர்கேட் பெட்டிக்குள் வைத்திருக்க மாட்டார்கள்.

உங்கள் குண்டுகளைக் கூர்ந்து பாருங்கள். பாறைகளைவிட அவை பல மடங்கு பிரகாசமாக எரியும். கோடு வரையும்போது கற்றை நகர்ந்துகொண்டே இருப்பதால் ஒளி பரவிவிடுகிறது. குண்டு வெறும் புள்ளி; கற்றை ஒரே இடத்தில் நின்று பாஸ்பர் பூச்சைச் சுடுகிறது. இன்றைய எல்சிடி திரையில் இதை முழுதாகக் கொண்டுவர முடிவதில்லை.

வெக்டர் ஆர்கேட் ஆட்டங்களில் இது முதலாவது அல்ல. 1977இல் சினிமாட்ரானிக்ஸ் வெளியிட்ட ஸ்பேஸ் வார்ஸ் அந்தப் பெருமைக்குரியது. அட்டாரியின் முதல் வெக்டர் ஆட்டம் அதே 1979இல் வந்த லூனார் லேண்டர். ஆஸ்டராய்ட்ஸுக்குக் கிராக்கி எகிறியதும் லூனார் லேண்டர் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். முதலில் போன சுமார் 200 ஆஸ்டராய்ட்ஸ், லூனார் லேண்டருக்காகச் செய்து வைத்திருந்த பெட்டிகளிலேயே போயின.

2. ஐந்து பட்டன்கள்

ஜாய்ஸ்டிக் கிடையாது. இடது கைக்கு இரண்டு பட்டன்: இடப்பக்கம் திரும்ப, வலப்பக்கம் திரும்ப. வலது கைக்கு இரண்டு: உந்துவிசை, சுடுதல். நடுவில் ஹைப்பர்ஸ்பேஸ்.

*திரும்புதல்.* ஆட்டம் ஒரு முழு வட்டத்தை 256 பங்காகப் பிரிக்கிறது. பட்டனை அழுத்தியிருக்கும் ஒவ்வொரு பிரேமுக்கும் (திரைப் படத்தை ஒருமுறை புதிதாக வரைவது ஒரு பிரேம்) கப்பல் 3 பங்கு திரும்பும், அதாவது நான்கு டிகிரிக்குக் கொஞ்சம் மேல். முழுச் சுற்றுக்குச் சுமார் ஒன்றரை நொடி. ஆனால் திரையில் வரைவதற்கு 64 திசைகளுக்கான உருவங்கள்தான் உண்டு. ஆக, மூக்கு காட்டும் திசையும் குண்டு போகும் திசையும் துளி வேறுபடலாம். பக்கத்தில் இருக்கும் பாறைக்கு இது பொருட்டே இல்லை. திரையின் மறுகோடியில் இருக்கும் சின்னப் பாறையை, சரியாகக் குறிவைத்தும் ஏன் தவறவிடுகிறோம் என்று புரியாமல் தவிப்பவர்களுக்கு இதுவும் ஒரு காரணம். தூரத்துப் பாறை நகர்ந்து உங்கள் கோட்டுக்குள் வரும்வரை காத்திருப்பது, மூக்கைத் தட்டித் தட்டிச் சரிசெய்வதைவிட எப்போதும் மேல்.

*உந்துவிசை.* கப்பல் சறுக்கிக்கொண்டே போகும். முற்றிலும் உராய்வில்லாத வெளி என்று நினைத்துவிடாதீர்கள். பட்டனை விட்டால் வேகம் மெதுவாகக் குறையும், ஆனால் ஆபத்துக்கு உதவுகிற அளவுக்குக் குறையாது. நிற்க வேண்டுமென்றால் எதிர்ப்பக்கம் திரும்பி உந்த வேண்டும். புதிதாக ஆடுபவர்கள் பெரும்பாலும் சாவது பாறை மோதி அல்ல, தாங்கள் பாறைமேல் போய் மோதி. முதல் சில ஆட்டங்களில் உந்துவிசைப் பட்டனையே தொடாமல், நடுவில் நின்று திரும்பிச் சுட மட்டும் பழகுங்கள்.

*சுடுதல்.* ஒரு நேரத்தில் உங்கள் குண்டு நான்குதான் திரையில் இருக்க முடியும். அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடாது, ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு தட்டு. ஒரு குண்டு ஏறத்தாழ ஒரு நொடி உயிரோடு இருக்கும், எதிலும் படாவிட்டால் மறையும். இதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு நான்கையும் வீணாக்கினால் அடுத்த ஒரு நொடிக்கு நீங்கள் நிராயுதபாணி. மாறாக, பக்கத்தில் இருக்கும் இலக்கில் குண்டு உடனே பட்டு அழிந்துவிடுவதால், கிட்டே போய்ச் சுட்டால் விரல் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகத்தில் சுடலாம். இன்னொன்று: கப்பல் நகர்ந்துகொண்டிருந்தால் அதன் வேகமும் குண்டோடு சேரும். முன்னோக்கிப் பாய்ந்துகொண்டே சுடும் குண்டு எட்டத்துக்குப் போகும். பின்வாங்கிக்கொண்டே சுட்டால் குண்டு சோம்பலாகத்தான் போகும்.

3. முதல் சுற்றும் பாறைக் கணக்கும்

முதல் சுற்றில் நான்கு பெரிய பாறைகள். பெரியதைச் சுட்டால் 20 புள்ளி, இரண்டு நடுத்தரப் பாறையாக உடையும். நடுத்தரம் 50 புள்ளி, அதுவும் இரண்டாகும். சின்னது 100 புள்ளி, அதோடு முடிந்தது. ஆக ஒரு பெரிய பாறையை அடியோடு ஒழித்தால் 20 + 100 + 400 = 520. முதல் சுற்று முழுக்க 2,080. ஒவ்வொரு 10,000 புள்ளிக்கும் ஒரு கப்பல் கூடுதலாகக் கிடைக்கும்.

அடுத்தடுத்த சுற்றுகளில் 6, 8, 10 என்று கூடும், பிறகு 11இல் நின்றுவிடும்.

இங்கேதான் போர்டு எட்டிப் பார்க்கிறது. பாறைகளுக்கென நினைவகத்தில் 27 இடங்கள்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். அதோடு உங்கள் கப்பலுக்கு ஒன்று, பறக்கும் தட்டுக்கு ஒன்று, தட்டின் குண்டுகளுக்கு இரண்டு, உங்கள் குண்டுகளுக்கு நான்கு. மொத்தம் 35 பொருள்கள். நான்கு குண்டு என்ற விதி எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதல்லவா? 11 பெரிய பாறைகளையும் கணக்கில்லாமல் உடைத்துத் தள்ளினால் 44 துண்டு வர வேண்டும். ஆனால் இடம் நிரம்பிவிட்டால் உடையும் பாறைக்கு இரண்டாவது குட்டி பிறக்காது. திரையில் இனி ஒன்றுக்கும் இடமில்லை எனும் நிலையில் ஒரு பெரிய பாறையைச் சுட்டால், அதன் ஒரு பாதி காற்றில் கரைந்த மாதிரிப் போய்விடும். புள்ளி நட்டம், உயிருக்கு லாபம்.

இருந்தாலும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உடைப்பது கெட்ட பழக்கம். உடையும் துண்டுகள் தாய்ப்பாறையின் வேகத்தோடு தற்செயலான ஒரு வேகத்தையும் கூட்டிக்கொண்டு பிரிகின்றன, எந்தப் பக்கம் வரும் என்று சொல்ல முடியாது. ஒரு பெரிய பாறையை எடுங்கள், அதன் குட்டிகளை முடியுங்கள், பிறகு அடுத்ததைத் தொடுங்கள். மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும் பெரிய பாறைகளைக் கடைசிவரை விட்டுவைப்பதில் ஒரு தப்பும் இல்லை.

மோதல் பற்றி ஒரு வார்த்தை. பாறையின் ஓரத்தில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கிறதே, அதற்குள் கப்பலை நுழைத்துத் தப்பிக்கலாமா என்றால், முடியாது. ஆட்டம் கோடுகளைப் பார்ப்பதே இல்லை. இரண்டு பொருள்களின் மையங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று மட்டும் கணக்கிட்டு, அளவுக்குத் தகுந்த எல்லைக்குள் வந்தால் மோதல் என்று தீர்ப்பளிக்கிறது. பள்ளம் கண்ணுக்கு மட்டும்தான்.

திரையின் ஓரம் என்று ஒன்று இந்த ஆட்டத்தில் இல்லை. வலப்பக்கம் வெளியேறினால் இடப்பக்கம் வருவீர்கள், மேலே போனால் கீழே. குண்டுகளுக்கும் பாறைகளுக்கும் அதே விதி. அதனால் ஓரத்தில் ஒதுங்கி நிற்பது பாதுகாப்பு என்று தோன்றினாலும், முதுகுக்குப் பின்னால் பாறை முளைக்கும் இடமே அதுதான்.

4. பறக்கும் தட்டுகள்

இங்கேதான் புள்ளியும் இருக்கிறது, சாவும் இருக்கிறது. பெரிய தட்டுக்கு 200, சின்னதற்கு 1,000. பெரியது கண்டபடி சுடும், பாதி நேரம் பாறைகளைத்தான் உடைத்துக்கொண்டிருக்கும். அது உடைக்கும் பாறைக்கு உங்களுக்குப் புள்ளி கிடையாது. சின்னது உங்களைக் குறிவைத்துச் சுடும். உங்கள் ஸ்கோர் ஏற ஏற அதன் குறி கூர்மையாகும். 40,000 தாண்டிவிட்டால் பிறகு வருவதெல்லாம் சின்னதுதான்.

பத்துச் சின்னத் தட்டு விழுந்தால் ஒரு கப்பல் கூடுகிறது என்ற கணக்கு அன்றைய ஆட்டக்காரர்களுக்குச் சீக்கிரமே உறைத்துவிட்டது. அவர்கள் செய்தது இதுதான்:

ஒரே ஒரு சின்னப் பாறையை மிச்சம் வையுங்கள். மெதுவாகப் போகும் பாறையாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது முக்கியம். பாறை மிச்சம் இருக்கும்வரை சுற்று முடியாது. பிறகு ஓரமாக மேலும் கீழும் பறந்துகொண்டே இருங்கள். தட்டு எப்போதும் இடது அல்லது வலது ஓரத்திலிருந்துதான் நுழையும். உங்கள் பக்கம் நுழைந்தால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அடுத்த பக்கம் நுழைந்தால், ஓரத்தைத் தாண்டி உங்கள் குண்டு அங்கே போய் முளைக்கும்.

இது ஏன் செல்லுபடியாகிறது? தட்டு நுழைந்த உடனே சுடுவதில்லை, கொஞ்சம் தாமதிக்கும். அதைவிட முக்கியம், அதன் குறிபார்க்கும் கணக்கில் திரையின் ஓரம் சுவர். ஓரத்தைத் தாண்டி இரண்டடி தள்ளி நீங்கள் நிற்பது அதற்குத் தெரியாது. திரை முழுவதையும் கடந்து நீளவாக்கில் சுடும். உங்கள் குண்டுக்கு அந்தச் சுவர் இல்லை. இந்தப் பதுங்கி வேட்டையால் ஒரே காசில் மணிக்கணக்காக ஆடினார்கள், பெட்டி வைத்திருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். 1981இல் வந்த ஆஸ்டராய்ட்ஸ் டீலக்ஸில் தட்டுக்கு ஓரம் தாண்டிக் குறிபார்க்கக் கற்றுக்கொடுத்து அட்டாரி இந்த வழியை அடைத்தது.

ஒரு நுணுக்கம். தட்டைக் கண்டதும் ஒரே இடத்தில் நான்கு குண்டையும் கொட்டாதீர்கள். அது நேராகப் போய்க்கொண்டே திடீரென்று மேலாகவோ கீழாகவோ சாயும். கப்பலைத் துளித்துளியாகத் திருப்பிக்கொண்டே விசிறி மாதிரி சுட்டால், எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒன்று படும்.

5. ஹைப்பர்ஸ்பேஸ், இதயத்துடிப்பு

ஹைப்பர்ஸ்பேஸ் பட்டன் உங்களை மறையச்செய்து திரையில் எங்கோ ஓரிடத்தில் கொண்டுவந்து போடும். சில சமயம் வந்து விழும்போதே வெடித்தும் விடும். மோதப்போவது உறுதி என்றால் மட்டும் தொடுங்கள். இந்த யோசனை 1962இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பிடிபி-1 கணினியில் எழுதிய ஸ்பேஸ்வார் ஆட்டத்திலிருந்து வந்தது.

பின்னணியில் டும், டும் என்று கேட்கும் இரண்டு சுரம் சுற்று நீள நீள வேகமாகும். புதுச் சுற்று தொடங்கினால் மறுபடி நிதானமாகும். பதுங்கி வேட்டையாடும்போது அது உச்ச வேகத்திலேயே அடித்துக்கொண்டிருக்கும். பழகிவிட்டால் காதில் விழாது.

6. ஸ்கோர் முடியும் இடம்

99,990. அதற்கு மேல் 10 புள்ளி எடுத்தால் மறுபடி சுழியம். புள்ளி எல்லாமே பத்தின் மடங்கு என்பதால் கடைசிச் சுழியத்தைச் சேமிக்கத் தேவையில்லை. மீதி நான்கு இலக்கம், ஒரு பைட்டுக்கு இரண்டு வீதம் இரண்டு பைட்டில் அடங்கிவிடுகிறது. அதற்கு மேல் யாரும் போவார்கள் என்று யார் நினைத்தார்கள்!

போனார்கள். 1982 நவம்பர் 13 அன்று ஸ்காட் சாஃப்ரன் என்ற பதின்ம வயதுப் பையன் 4,13,36,440 எடுத்தார். ஸ்கோர் நானூறு தடவைக்கு மேல் சுழியத்துக்குத் திரும்பியிருக்கும். 2010 ஏப்ரலில் ஜான் மெக்அலிஸ்டர் 4,13,38,740 எடுத்து அதைத் தாண்டினார். இருபத்தேழு வருஷத்துக்குப் பிறகு, வெறும் 2,300 புள்ளி வித்தியாசத்தில்.

இப்படி ஆடுபவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மிச்சமுள்ள கப்பல்களை மேலே வரிசையாக வரைகிறார்களே, அதற்கு உச்சவரம்பு கிடையாது. ஐம்பது, நூறு என்று சேரச்சேர ஒவ்வொரு பிரேமிலும் அத்தனையையும் வரைய வேண்டியிருப்பதால் ஆட்டமே மெதுவாகிவிடும். 250ஐத் தாண்டினால் ஒரு பைட்டில் அடங்கும் எண்ணிக்கை கவிழ்ந்து, கையில் அத்தனை கப்பல் இருந்தும் ஆட்டம் முடிந்துவிடக்கூடும். நம்மில் பலர் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

உயர்ந்த பத்து ஸ்கோர்களும் மூன்றெழுத்துப் பெயர்களும் சாதாரண ராமில்தான் (மின்சாரம் இருக்கும்வரை மட்டும் தாங்கும் நினைவகம்) இருக்கின்றன. மின்சாரத்தை அணைத்தால் போச்சு.

7. போர்டைத் திறந்தால்

ஆட்டத்தை நிரலாக எழுதியவர் எட் லாக். யோசனையைக் கொண்டுவந்தவர் லைல் ரெயின்ஸ். வெக்டர் வன்பொருளிலும் ஒலியிலும் ஹாவர்ட் டெல்மனின் கை இருக்கிறது.

மூளை, 1.5 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 6502 செயலி. நிரலுக்கு 6 கிலோபைட் ரோம், அதாவது அழியாமல் பதித்து வைத்த நினைவகம். உருவங்களுக்கு 2 கிலோபைட் ரோம். வேலை செய்ய 1 கிலோபைட் ராம், படம் வரையும் கட்டளைகளை எழுத 2 கிலோபைட் ராம். ஆட்டம் முழுவதும் இவ்வளவுதான்.

6502 நேரடியாக ஒரு கோடுகூட வரைவதில்லை. அதற்குப் பக்கத்தில் டிஜிட்டல் வெக்டர் ஜெனரேட்டர் என்ற தனி மின்சுற்று இருக்கிறது. அது ஒரு சிப் அல்ல. சாதாரண லாஜிக் சிப்புகளைச் சேர்த்துக் கட்டிய, ஒரு சிறிய ப்ராமின் (ரோம் வகை நினைவகச் சிப்) சொல்படி நடக்கும் இயந்திரம். அதற்குத் தெரிந்த கட்டளைகள் ஏழே ஏழு: நீளக் கோடு இழு, குட்டிக் கோடு இழு, திரையில் இந்த இடத்துக்குப் போ, துணைநிரலுக்குத் தாவு, துணைநிரலிலிருந்து திரும்பு, வேறிடத்துக்குத் தாவு, நில்.

ஒரு பிரேம் எப்படி உருவாகிறது என்று ஒருமுறை கூடவே போய்ப் பார்ப்போம்.

நொடிக்கு 250 தடவை 6502க்கு ஒரு குறுக்கீடு வரும், அதாவது செய்யும் வேலையை நிறுத்திவிட்டு வேறொன்றைக் கவனி என்ற சைகை. காசு விழுந்ததா என்று பார்ப்பது அதன் வேலைகளில் ஒன்று. நான்கு குறுக்கீட்டுக்கு ஒருமுறை முதன்மை நிரல் ஒரு சுற்று ஓடுகிறது, அதாவது நொடிக்குச் சுமார் 60 பிரேம். வெக்டர் ஜெனரேட்டர் போன பட்டியலை வரைந்து முடித்ததா என்று 6502 பார்க்கும். முடித்திருந்தால், இப்போது எழுதி வைத்திருக்கும் புதுப் பட்டியலை அதனிடம் காட்டி "கிளம்பு" என்று சொல்லும். வெக்டர் ராம் இரண்டு பாதியாகப் பிரிந்திருக்கிறது. ஒரு பாதியை ஜெனரேட்டர் வரைந்துகொண்டிருக்கும்போதே மறுபாதியில் 6502 அடுத்த பட்டியலை எழுத ஆரம்பித்துவிடும்.

பட்டியலில் ஒரு பாறைக்கு என்ன எழுத வேண்டும்? "இந்த இடத்துக்குப் போ, இந்த அளவில்." பிறகு "ரோமில் இருக்கும் இந்தப் பாறை உருவத்துக்குத் தாவு." அவ்வளவே. பாறைக்கு நான்கு விதமான உருவம் ரோமில் இருக்கிறது. பெரியதும் நடுத்தரமும் சின்னதும் ஒரே உருவம்தான், அளவு மட்டும் பாதி பாதியாகக் குறைகிறது. பறக்கும் தட்டுக்கும் இதே வித்தை. அளவை மாற்றுவது ஜெனரேட்டருக்கு இலவச வேலை.

கப்பலைச் சுழற்றுவது மட்டும் இலவசமில்லை. சைன், கொசைன் போட்டு ஒவ்வொரு கோட்டையும் கணக்கிட 1.5 மெகாஹெர்ட்ஸில் நேரம் இல்லை. அதனால் கால் வட்டத்துக்கு மட்டும் 17 உருவங்களை ரோமில் வைத்துவிட்டு, மற்ற முக்கால் வட்டத்துக்கு எக்ஸ், ஒய் குறிகளை மாற்றிப் பிரதியெடுத்துக்கொள்கிறார்கள். மேலே சொன்ன 64 திசைக் கணக்கு இங்கிருந்து வந்ததுதான்.

ஜெனரேட்டர் தன் எண்களை 10 பிட் மாற்றிகள் வழியாக மின்னழுத்தமாக்கி எக்ஸ், ஒய் என்று இரண்டு கம்பியில் மானிட்டருக்கு அனுப்பும். மூன்றாவது கம்பி பிரகாசம். சுழியம் என்றால் கற்றை அணைந்தபடியே நகரும்.

ஒலிக்கு சிப் எதுவும் கிடையாது. துடிப்பு, சுடுதல், உந்துவிசையின் இரைச்சல், வெடிப்பு, தட்டுகளின் ஊளை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அனலாக் சுற்று போர்டில் இருக்கிறது. 6502 "தொடங்கு", "நிறுத்து" என்று பிட்டுகளைத் தட்டிவிட்டால் போதும். பழுதுபார்க்கும்போது இது பெரிய வசதி, ஏனென்றால் ஒரே ஒரு ஒலி மட்டும் காணாமல் போயிருந்தால் அந்தச் சுற்றை மட்டும் பார்த்தால் போதும்.

8. பெட்டியைச் சரிபார்க்கும் வரிசை

தொடங்கும் முன், பிக்சர் டியூபில் பல ஆயிரம் வோல்ட் இருக்கும். அணைத்த பிறகும் தங்கியிருக்கும். டியூபில் தங்கிய மின்சாரத்தை முறையாக வெளியேற்றத் தெரியாதவர்கள் மானிட்டருக்குள் கை வைக்கக் கூடாது, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். போர்டையும் மின்வழங்கியையும் பார்ப்பது அந்த அளவுக்கு ஆபத்தில்லை, ஆனால் மின்மாற்றியின் பக்கம் மெயின்ஸ் மின்சாரம் இருக்கிறது.

முதலில் காதைக் கொடுங்கள். திரை இருட்டாக இருந்தாலும் காசு போட்டு ஸ்டார்ட் அழுத்திச் சுட்டுப் பாருங்கள். ஒலி எல்லாம் வருகிறது, துடிப்பு கேட்கிறது என்றால் 6502ம் நிரலும் நன்றாகவே ஓடுகின்றன. பிரச்சினை வெக்டர் பகுதியிலோ மானிட்டரிலோ. ஒலியே இல்லை, விட்டு விட்டு டிக் டிக் என்று மட்டும் கேட்கிறது என்றால் போர்டு திரும்பத் திரும்ப ரீசெட் ஆகிறது. நிரல் குறிப்பிட்ட நேரத்துக்குள் தகவல் கொடுக்காவிட்டால் வாட்ச்டாக் சுற்று செயலியை உலுக்கி எழுப்பிக்கொண்டே இருக்கும்.

ரீசெட் தொல்லைக்கு முதலில் 5 வோல்ட்டை அளக்க வேண்டும். மின்வழங்கியின் வெளிவாயில் அல்ல, போர்டில் உள்ள சிப்பின் காலிலேயே அளங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் போர்டின் விளிம்பு இணைப்பான் கருகியிருக்கும். இந்தப் பெட்டிகளில் அது வழக்கமான நோய். மின்வழங்கியில் நீல நிறத்தில் டப்பா மாதிரி ஒரு பெரிய கெப்பாசிட்டர் இருக்கும், 26,000 மைக்ரோஃபேரட். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆன பழசு என்றால் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுவது நல்லது. 5 வோல்ட்டைச் சரிசெய்யும் திருகு ஆடியோ-ரெகுலேட்டர் போர்டில் இருக்கிறது. இணைப்பானைச் சரிசெய்யாமல் அந்தத் திருகைக் கூட்டிக்கொண்டே போவது நோயை மறைக்கும் வேலை.

ஒலி இருக்கிறது, படம் இல்லை என்றால், மானிட்டரின் போர்டில் ஸ்பாட் கில்லர் விளக்கு எரிகிறதா என்று தூரத்திலிருந்தே பாருங்கள். கற்றை நகராமல் ஒரே இடத்தில் நின்றால் பாஸ்பர் ஓட்டை விழுகிற மாதிரி எரிந்துவிடும். அதைத் தடுக்க, அசைவு இல்லாதபோது கற்றையை அணைக்கும் காவல் சுற்று அது. அந்த விளக்கு எரிந்தால் எக்ஸ், ஒய் அசைவு வரவில்லை என்று பொருள். போர்டிலிருந்தே வரவில்லையா, மானிட்டர் வாங்கியும் அசைக்கவில்லையா என்று கண்டுபிடிக்க ஆசிலாஸ்கோப்பை (மின்சைகையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) எக்ஸ்-ஒய் முறையில் வைத்து போர்டின் வெளிவாயில் மாட்டுங்கள். பாறைகள் ஸ்கோப் திரையிலேயே மிதந்தால் போர்டுமீது பழியில்லை. (மானிட்டரே இல்லாமல் போர்டைச் சோதிக்கவும் இதே வழிதான். சின்னத் திரையில் ஆடியும் பார்க்கலாம், தடை இல்லை.)

படம் ஒரே கோடாகச் சுருங்கியிருந்தால் ஒரு திசைக்கான பெருக்கி முழுதாகப் போயிருக்கிறது. பாதிப் படம் மட்டும் தெரிந்தால் இன்னும் எளிது. ஒவ்வொரு திசைக்கும் இரண்டு பெரிய உலோக உறை டிரான்சிஸ்டர்கள், ஒன்று கற்றையை ஒரு பக்கம் தள்ளும், மற்றது எதிர்ப்பக்கம் இழுக்கும். எந்தப் பாதி காணோமோ அதற்குரிய டிரான்சிஸ்டரையும், அதன் சாக்கெட் தொடர்பையும் பாருங்கள்.

பாறைகள் சரி, கப்பல் மட்டும் சிதைந்து தெரிகிறது என்றால் மானிட்டரைத் தொடவே வேண்டாம். பாறை உருவம் வெக்டர் ரோமிலிருந்து நேரடியாக வருகிறது, கப்பல் உருவம் ராமில் எழுதப்பட்டு அங்கிருந்து வருகிறது. சந்தேகம் வெக்டர் ராம் மேல் போக வேண்டும். மாறாக, பாறைகளும் எழுத்துகளும் விசித்திரமாக இருந்து அவை இருக்கும் இடம் மட்டும் சரி என்றால் வெக்டர் ரோமைப் பாருங்கள்.

படம் வந்த பிறகு பிரகாசம். காசுக் கதவுக்கு உள்ளே இருக்கும் சோதனை ஸ்விட்சைப் போட்டால் திரை நிறையக் கோடுகளுடன் சோதனைப் படம் வரும். கற்றை அணைந்து நகர வேண்டிய பாதைகள் மங்கலாகத் தெரியும்வரை பிரகாசத்தைக் கூட்டுங்கள், பிறகு அவை மறையும்வரை குறையுங்கள். அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதிகம் வைத்தால் ஸ்கோரும் ஸ்டார்ட் வாசகமும் டியூபில் நிரந்தரத் தழும்பாகப் பதிந்துவிடும். பழைய பெட்டிகள் பலவற்றில் மின்சாரம் இல்லாதபோதே அவற்றைப் படிக்க முடியும்.

தொடக்கத்தில் மூன்று கப்பலா நான்கா என்பதும், வாசகங்கள் ஆங்கிலமா ஜெர்மனா பிரெஞ்சா ஸ்பானிஷா என்பதும் போர்டில் இருக்கும் குட்டி ஸ்விட்சுகளில் மாறும். பழகும் காலத்தில் நான்கு வைத்துக்கொள்ளுங்கள்.

9. பெட்டி இல்லாதவர்களுக்கு

பழைய ஆர்கேட் போர்டுகளைக் கணினியில் நடித்துக் காட்டும் மேம் எமுலேட்டரில் ஆட்டம் அப்படியே ஓடும். வெக்டர் ஆட்டங்களுக்கென்றே கற்றையின் தடிமன், சிமிட்டல் என்று தனி அமைப்புகள் இருக்கின்றன. தடிமனைக் கொஞ்சம் கூட்டினால் கோடு உயிரோடு இருப்பது போல் தெரியும், ரொம்பக் கூட்டினால் சாக்பீஸ் ஆகிவிடும். கறுப்பு அழுத்தமாக வரும் ஓஎல்ஈடி திரை கிடைத்தால் அதில் ஆடுங்கள்.

விசைகளை அம்புக்குறிகளில் வைக்காதீர்கள். திரும்பும் இரண்டு விசையும் இடது கையின் இரண்டு விரலுக்கு, உந்துவிசையும் சுடுதலும் வலது கையின் இரண்டு விரலுக்கு, ஹைப்பர்ஸ்பேஸ் ஸ்பேஸ் பாரில். கை நிலை பெட்டியில் இருந்த மாதிரியே அமைந்துவிடும், விரலும் தானாக வேகம் பிடிக்கும்.